"அவளுக்கு என்ன குறை?" – மனச்சோர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருத்துவர் அறைக்கு வெளியே என் மேசை. உள்ளே போவதற்கு முன் பயத்தோடும், வெளியே வந்தபின் மருந்துச் சீட்டோடும் எல்லாரும் அங்கே ஒருமுறை நிற்பார்கள். இத்தனை வருடங்களில் அவர்கள் கேட்டவற்றை, கூடியவரை அவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே தந்திருக்கிறேன். பாதிக்கு மேல் நோயாளிகள் கேட்டவை அல்ல, கூட வந்த மகனும் மருமகளும் கணவரும் கேட்டவை. நானும் அப்படிக் கூட வந்தவள்தான். அம்மாவுக்கு இந்த நோய் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஒன்றரை வருடம் அவரைச் சோம்பேறி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன அழுத்தம், மனச்சோர்வு, டிப்ரஷன் எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகிவிட்டது, பத்திரிகைகளிலும் கலந்தே எழுதுகிறார்கள். மருத்துவத்தில் வேறு வேறு. வட்டி கட்ட வேண்டிய தேதி, பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, மேலதிகாரியின் நெருக்கடி, இவற்றுக்கு உடம்பும் மனசும் இறுகுவது மன அழுத்தம். நெருக்கடி விலகினால் பெரும்பாலும் அதுவும் விலகும். மனச்சோர்வு என்பது நோய். டிப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். கடன் அடைந்த பிறகும், தேர்வில் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகும் அது போகாது. சிலருக்குச் சொல்லும்படியான காரணமே இல்லாமலும் வரும்.

கவலைப்படாத மனுஷன் உண்டா? எதை நோய் என்று சொல்வது?

இரண்டு வாரம் என்பது ஒரு அளவுகோல். நாளின் பெரும்பகுதி, அநேகமாக எல்லா நாளும், மனம் கனத்துக் கிடப்பது. அல்லது முன்பு பிடித்த எதிலும் ருசி இல்லாமல் போவது. இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். கூடவே தூக்கம் கெடுவது அல்லது அதிகமாவது, பசி மாறுவது, தாங்க முடியாத களைப்பு, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, கவனம் நிற்காதது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம். இந்த ஒன்பதில் ஐந்து சேர்ந்து இரண்டு வாரம் நீடித்து, அன்றாட வேலையையும் கெடுத்தால் மருத்துவர் அதை மனச்சோர்வு என்பார்.

இதே ஒன்பதையும் கேள்வியாக்கிய ஒரு தாள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் தீர விசாரிக்க வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டுவதில்லை. அதனால் போனில் அந்தத் தாளைப் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள்.

துக்கம் வேறு. கணவரை இழந்த பெண் பதினாறாம் நாள் முடிந்தும் அழுவார். நடுவே பேரன் வந்து மடியில் விழுந்தால் சிரிப்பார், அவர் இருந்தபோது நடந்ததைச் சொல்லி நெகிழ்வார். துக்கம் அலை அலையாக வந்து போகும். மனச்சோர்வில் அந்த இடைவெளி அரிது. பேரன் வந்தாலும் அவன் ஏதோ தூரத்தில் நிற்பதுபோல இருக்கும்.

எங்கம்மா மனசைப் பத்திப் பேசவே மாட்டேங்கிறாங்க. உடம்பெல்லாம் வலி, கிறுகிறுப்பு, நெஞ்சு படபடப்பு. எல்லா டெஸ்ட்டும் நார்மல். அப்ப நடிக்கிறாங்களா?

நடிக்கவில்லை. வலி நிஜமான வலி.

என் மேசைக்கு வருகிறவர்களில் 'எனக்கு மனசு சரியில்லை' என்று ஆரம்பிப்பவர்கள் குறைவு. குறுக்கு வலி, தலைப்பாரம், கை கால் அசதி, வயிற்றில் எரிச்சல், விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு என்றுதான் ஆரம்பிப்பார்கள். நம் வீடுகளில் ஒரு பெண் வேலையை நிறுத்தி உட்கார உடம்பு வலிக்கு மட்டும்தான் அனுமதி உண்டு, மனசு வலிக்கு இல்லை. ஆண்களுக்கு இரண்டுக்குமே இல்லை. வலியைக் கடத்துவதும் மனநிலையை நடத்துவதும் மூளையில் ஒன்றோடொன்று பின்னிய பாதைகள். ஒன்று கெட்டால் மற்றதும் கெடும்.

அம்மாவுக்கு அப்போது ஸ்கேன் எடுத்தோம், எண்டோஸ்கோப்பி பார்த்தோம், இரண்டு ஊர் மாறி எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். ஒவ்வொரு அறிக்கையிலும் 'நார்மல்' என்று வரும்போது எங்களுக்கு நிம்மதியாக இருந்தது, அம்மா முகம் மட்டும் வாடியது. எங்கள் யாருக்கும் அது ஏன் என்று புரியவில்லை. தன் வலிக்கு ஒரு பெயர் கிடைக்கும் என்று அவர் காத்திருந்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு போன்றவை மனச்சோர்வைப்போலவே தெரியும், அதோடு சேர்ந்தும் வரும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் மனநிலையைப் புரட்டும். அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு எடுத்துவாருங்கள்.

சொந்த வீடு, நல்ல புருஷன், படிக்கிற பிள்ளைகள். அவளுக்கு என்ன குறை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் காயப்படுத்துவதும் இதுதான். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, நிஜமாகவே புரியாமல் கேட்கிறார்கள். சர்க்கரை நோய் வந்தவரிடம் 'உனக்கு என்ன குறை, ஏன் சர்க்கரை ஏறுது?' என்று யாரும் கேட்பதில்லை.

நோயாளியும் இதே கேள்வியைத்தான் இரவெல்லாம் தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். 'எல்லாம் இருந்தும் இப்படிக் கிடக்கிறேனே' என்பதே அவருக்குப் பெரிய குற்ற உணர்வு. நீங்களும் கேட்டால் அது உறுதியாகிவிடும்.

இந்த நோய் வெளியிலிருந்து பார்க்க அப்படியே சோம்பேறித்தனம்போல இருக்கும். குளிக்காமல் கிடப்பது, பாத்திரம் துலக்காமல் போடுவது, போன் எடுக்காதது. அதனால்தான் வீட்டில் திட்டு கிடைக்கிறது, சிகிச்சை கிடைப்பதில்லை. சோம்பலில் கிடப்பவருக்கு அது சுகம். இவருக்கு எழுந்து பல் துலக்குவதே மலையாகத் தெரிகிறது, அதை நினைத்து வெட்கப்படவும் செய்கிறார். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2015-16இல் பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வருகிறது என்று சொன்னது. தமிழ்நாடும் அதில் இருந்தது. மனநோய் எதுவானாலும், வந்தவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை என்றும் அது காட்டியது. உங்கள் தெருவில் நாற்பது பெரியவர்கள் இருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏன் வருகிறது? மூளையில் ஏதோ ரசாயனம் குறைந்துவிட்டதாமே?

'செரடோனின் குறைந்தது, மாத்திரை நிரப்புகிறது' என்று பல காலம் எளிமையாகச் சொல்லிவந்தார்கள். அவ்வளவு நேர்க்கோடாக அது நிரூபிக்கப்படவில்லை. பரம்பரை, சிறுவயதில் பட்ட அடிகள், இழப்பு, வறுமை, தனிமை, குடும்ப வன்முறை, நீண்டகால நோய், குடி எனப் பல சேர்ந்து வருவது இது. பெண்களுக்கு ஆண்களைவிட ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருமகளை அடிக்கிற வீட்டில் மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் சிகிச்சையின் ஒரு பகுதி.

யாரிடம் போவது? கவுன்சிலிங்கா, டாக்டரா?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'கவுன்சிலர்' என்ற பலகையை மட்டும் நம்பாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருவார், கிழமையை வெளிநோயாளர் சீட்டு தரும் இடத்தில் விசாரியுங்கள். பார்ப்பதும் மருந்தும் இலவசம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் 1926ஐ அழைக்கலாம்.

கீழ்ப்பாக்கத்துக்கா கூட்டிட்டுப் போகச் சொல்றீங்க?

1794இல் தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனை ஒன்றின் பெயர் நம் ஊரில் வசைச்சொல்லாகிப் போனது வருத்தம்தான். மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் படுக்கையில் சேர்க்கும் தேவையே வருவதில்லை. வந்து, பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு மதிய பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிறவர்கள்தான்.

மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாதாமே? தூங்கிக்கொண்டே இருப்பார்களாமே?

இந்த அச்சத்துக்கு ஒரு வேர் உண்டு. அல்பிரசோலம், க்ளோனசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. அவற்றைச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் வாங்கி விழுங்கியவர்களைப் பார்த்துத்தான் ஊரில் இந்தப் பேச்சு வந்தது. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃபுளுவாக்சிடின் வேறு வகை. இவற்றுக்கு ஏக்கம் பிடிக்காது, நாளாக ஆக அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டியதில்லை.

ஆனால் இவற்றைப் பொறுமையாகச் சாப்பிட வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். தலைவலி மாத்திரைபோல அரை மணியில் வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிறிது தெளிவு, முழுப் பலனுக்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ. பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, சிலருக்குப் படபடப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். 'மருந்து ஒத்துக்கலை' என்று எட்டாம் நாள் குப்பையில் போடுகிறவர்கள், நல்லது வருவதற்கு முன்பே கெட்டதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துகிறார்கள். தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லாமலேயே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், கண்டபடி செலவு, ஓயாத பேச்சு என்று சில நாட்கள் இருந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அது இருமுனை நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். பிறகு மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். திடீரென்று நீங்களே நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு வரலாம். அதை வைத்து 'அடிமையாகிவிட்டேன்' என்று பயப்படாதீர்கள். உடம்புக்குப் பழக அவகாசம் தரவில்லை, அவ்வளவே.

ஷாக் கொடுப்பார்களா?

கடுமையான மனச்சோர்வில், சாப்பிட மறுத்து உயிருக்கே ஆபத்தான நிலையில், மின் அதிர்வுச் சிகிச்சை உயிரைக் காப்பாற்றுகிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைத் தருவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தடை.

மாத்திரை இல்லாமல் பேசியே சரிசெய்ய முடியாதா?

லேசான, மிதமான மனச்சோர்வில் முடியும். கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மனநலப் படிப்பே படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து, ஆறு முதல் எட்டு சந்திப்புகள் பேச வைத்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட, கூடவே இப்படிப் பேசியவர்கள் அதிகம் தேறினார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அவர்கள் பேசியது தத்துவம் அல்ல. நின்றுபோன சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க வைத்தார்கள்.

மனசு சரியானால் வேலை செய்வேன் என்று காத்திருக்க வேண்டாம், வேலையைத் தொட்டால் மனசு பின்னால் வரும் என்பதுதான் அந்தச் சிகிச்சையின் அடிப்படை. ஆனால் அளவு முக்கியம். 'வீட்டைச் சுத்தம் பண்ணு' என்றால் முடியாது. 'வாசல் வரை வந்து ஐந்து நிமிடம் உட்கார்' என்றால் முடியும். நாளை அடுத்த வீடு வரை.

கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போகலாமா?

தாராளமாக. நம்பிக்கை தெம்பு தரும், பலர் அங்கேதான் மனம்விட்டு அழுகிறார்கள். மருந்தை நிறுத்தாதீர்கள், யாரையும் கட்டிப்போட விடாதீர்கள், அடிக்க விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பூட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து இறந்தார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பின்னர் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. விபூதியும் மாத்திரையும் ஒரே பையில் இருக்கலாம். அதில் யாருக்கும் சங்கடமில்லை.

பிள்ளை பெற்ற பிறகு எப்பப் பார்த்தாலும் அழுகிறாள்.

பிரசவமான ஓரிரு நாளில் தொடங்கும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கினால் அது இயல்பு. அதைத் தாண்டியும் நீடித்தால் மனச்சோர்வு. 'பிள்ளைமேல் பாசமே வரவில்லை' என்று ஒரு தாய் சொன்னால் அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அதைச் சொல்ல அவள் எத்தனை இரவு யோசித்திருப்பாள்! பால் கொடுக்கும்போதும் பாதுகாப்பாகத் தரக்கூடிய மருந்துகள் உண்டு. இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது என்றால் அன்றே மருத்துவமனை. காலைவரை பொறுக்காதீர்கள், தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள்.

அவர் அழவே இல்லை. குடிக்கிறார், எரிந்து விழுகிறார். இதுவும் மனச்சோர்வா?

இருக்கலாம். ஆண்களிடம் சோகம் கோபமாக வெளிவருவது சகஜம். மது முதல் ஒரு மணி நேரம் லேசாக்கும், பிறகு தூக்கத்தையும் மனசையும் இன்னும் கீழே இழுக்கும். குடியையும் மனச்சோர்வையும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் என்னதான் சொல்வது? வாயைத் திறந்தாலே தப்பாகிறது.

'தைரியமா இரு', 'எல்லாம் உன் கையிலதான்', 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்' ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் நான் தினமும் சொன்னவை இவை.

'ரொம்பக் கஷ்டமா இருக்கில்ல?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். 'என்ன சாப்பிடுறே?' என்று கேட்டால் முடிவெடுக்கத் திணறுவார். 'ரசம் சாதம் கரைச்சுத் தரேன், ரெண்டு வாய் சாப்பிடு' என்றால் வாங்கிக்கொள்வார். மருத்துவமனைக்கு 'போ' என்று சொல்லாமல் 'வா, நானும் வரேன்' என்று கிளம்புங்கள். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொடுங்கள். கல்யாண வீட்டுக்கு வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம், அங்கே பத்துப் பேர் 'ஏன் இளைச்சுட்டே?' என்று கேட்பார்கள்.

பார்த்துக்கொள்கிறவரும் தேய்ந்துபோவார். அக்காவோ சித்தப்பாவோ வாரத்தில் ஒருநாள் மாற்றிவிட வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதில் குற்றமில்லை.

'செத்துப்போயிட்டா நல்லாயிருக்கும்'கிறார். கேட்டால் தூண்டிவிட்டதுபோல ஆகாதா?

ஆகாது. நேராகக் கேளுங்கள்: 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?' கேட்பதால் எண்ணம் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் எண்ணத்தை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைக்கிறார். 'சொல்றவன் செய்யமாட்டான்' என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள்.

'ஆமாம்' என்றால் தனியாக விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து, வீட்டிலிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அப்போதே அப்புறப்படுத்துங்கள். அந்த வேகம் பலருக்குச் சில நிமிடம், சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் விவசாயிகளின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது அறையில் பூட்டிவைக்கும் முயற்சி நடந்ததும் இதனால்தான். அதன் பின்னால் இருந்தவர் மருத்துவர் லட்சுமி விஜயகுமார், சென்னையில் 1986இல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர். சிநேகாவின் எண் 044-24640050. உடனடி ஆபத்து என்றால் 108.

முயற்சி செய்து பிழைத்தவரை 'போலீஸ் கேஸாகும்' என்று பயந்து மறைத்துவைக்காதீர்கள். மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். ஆனால் அவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது, தண்டிப்பதில்லை.

வெளியே தெரிந்தால் கல்யாணம், வேலை?

சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது உங்கள் உரிமை, அதே சட்டம் தருகிறது. மருத்துவக் காப்பீட்டிலும் உடல்நோய்க்கு இணையாக மனநோயைச் சேர்க்க வேண்டும் என்கிறது. கல்யாண விஷயத்தில் என் கருத்தைக் கேட்டால், வாழப்போகிறவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஒளித்துவைத்த மாத்திரை பாதியில் நின்று, ஆறாம் மாதம் நோய் திரும்பி வந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நோய் இல்லாதவர்கள் மனசை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் தினமும் வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது. காலை வெயில் படும்படி அரைமணி நடப்பது. படுக்கைக்குப் போனை எடுத்துப்போகாதது. வாரத்தில் ஒருவரிடமாவது வேலையில்லாமல் பேசுவது. கடைசியாகச் சொன்னதுதான் இப்போது அதிகம் குறைந்திருக்கிறது. திண்ணை போய்விட்டது, அந்த இடத்துக்கு வேறெதையும் நாம் வைக்கவில்லை.

குணமானபின் திரும்ப வருமா?

ஏறக்குறைய பாதிப் பேருக்கு இன்னொரு முறை வரலாம். இரண்டு மூன்று முறை வந்தவர்களுக்கு மருந்தை நீண்டகாலம் தொடரச் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னறிகுறி வேறு, அதை வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். நன்றாக இருக்கும் நாளிலேயே நோயாளியோடு உட்கார்ந்து எழுதிவையுங்கள்.

அம்மாவின் தாள் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது: காலை ரேடியோ போடாமல் இருப்பேன், முல்லைக்குத் தண்ணி ஊத்த மறப்பேன், மூணு மணிக்கு முழிப்பு வரும், உன் போனை எடுக்கமாட்டேன். கீழே மருத்துவமனைக்கு வரவேண்டிய கிழமை, மாத்திரையின் பெயர், அளவு. பதினொரு வருடம் கழித்து ரேடியோ நின்றது. நான்காம் நாள் அப்பாவே அவரைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து என் மேசை முன்னால் நின்றார்.